நளினி சொன்ன க்ளைமாக்ஸ்

குவைத்,
7.3.1997

அன்பு நளினிக்கு,

தேவேந்திரன் எழுதுவது. உடம்பு நன்றாக இருக்கிறது. வெயில் இன்னும் ஏறவில்லை, அதனால் மனசும் நன்றாகத்தான் இருக்கிறது. கோவர்த்தனன் மாமாவின் முழங்கால் வலி எப்படி? யசோதா அக்காவும் பாப்பாவும் சுகமா?

மாமா, இதை நீங்கள்தான் வாசலில் நாற்காலி போட்டுச் சத்தமாகப் படித்துக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும். பேசி முடித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை கடிதம் போட்டால் பெண்ணின் தகப்பனார் அதை எல்லோருக்கும் கேட்கப் படிக்க வேண்டும், பெண் எழுதும் பதிலையும் அவர் பார்த்த பிறகுதான் ஒட்ட வேண்டும். இது நம் குடும்பத்துச் சட்டம். எனக்கு ஆட்சேபணை இல்லை. நானும் உங்கள் மகளும் சின்ன வயசிலிருந்து பேசியது சினிமா ஒன்றைத்தான். அதை ஊரே கேட்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன் நளினி. இங்கே கேம்ப்பில் மூன்று ரூமுக்கு ஒரே வீடியோ டெக். வெள்ளிக்கிழமை காலை எங்கள் முறை. கேசட்டைப் போட்டு, கதை சூடு பிடிக்கிற நேரத்தில் பக்கத்து ரூம்காரன் வந்து, நேரமாகிவிட்டது என்று ஒயரைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறான். இங்கே வந்ததிலிருந்து நான் ஒரு படத்துக்கும் முடிவு பார்த்ததில்லை. எல்லா வில்லன்களும் என் மட்டில் உயிரோடுதான் இருக்கிறார்கள்.

போன வாரம் அந்த இரட்டை வேடப் படம். அண்ணன் போலீஸ், தம்பி திருடன். அடையாளத்துக்குத் தம்பி கன்னத்தில் மச்சம். அந்த மச்சம் பாட்டில் இடது பக்கம் இருக்கிறது, சண்டையில் வலது பக்கம் போய்விடுகிறது. பாட்டு என்றால் உடனே பனிமலைக்கு ஓடிவிடுகிறார்கள். ஹீரோ கோட்டு போட்டிருக்கிறான், அந்தப் பெண்ணுக்கு மெல்லிசுப் புடவை. அவள் உடம்பு ஆடியது டான்ஸ் இல்லை, குளிர். சரி, கடைசியில் அண்ணன் தம்பியைச் சுட்டானா இல்லையா?

நம் சத்தியவேடு டென்ட் கொட்டகை ஞாபகம் வருகிறது. ஒரே படப்பெட்டியை நம் கொட்டகையும் அடுத்த ஊர்க் கொட்டகையும் பங்கு போட்டு ஓட்டுவார்கள். அங்கே ஓடி முடிந்த ரீல் சைக்கிளில் இங்கே வர வேண்டும். ஒரு மழை நாளில் கடைசி ரீல் வரவே இல்லை. ஜனங்கள் கூச்சல் போட்டதும் டிக்கெட் கிழிக்கிற திருமலை பெஞ்சு மேலே ஏறி நின்று, "யாரும் கத்தாதீங்கபா, மீதிக் கதைய நானே சொல்றேன்" என்று சொல்லியே படத்தை முடித்தாரே! மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்திருந்த நீ அழுதாய். இப்போது எனக்கு நீதான் திருமலை. முடிவுகளை எழுது.

டிசம்பரில் காண்ட்ராக்ட் முடிகிறது. தை மாதம் நம் கல்யாணம் என்று மாமாவும் அம்மாவும் பேசிவிட்டார்களாம். இந்த வரியை மாமா படிக்கும்போது நீ உள்ளே ஓடியிருப்பாய்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்,
தேவேந்திரன்


சத்தியவேடு,
6.4.1997

பாவாவுக்கு நளினியின் வணக்கம்.

தெலுங்குப் பிள்ளைகளோடு சேர்ந்து சின்ன வயசில் அத்தானைப் பாவா என்று கூப்பிட்டுப் பழகியது, இப்போது வேறு எப்படி எழுதினாலும் யாருக்கோ எழுதுவது போல இருக்கிறது. நைனாவுக்கு முழங்கால் பரவாயில்லை. அக்காவும் பாப்பாவும் சுகம். அக்கா வீட்டுக்காரர் சுனில் மாமா மஸ்கட்டில் சுகம் என்று கேள்வி.

நான் உள்ளே ஓடவில்லை. அடுப்பில் பால் பொங்கியது, இறக்கப் போனேன்.

உங்கள் அண்ணன் போலீஸ் தம்பியைச் சுடவில்லை. துப்பாக்கியை நீட்டும்போது, பதினைந்து வருஷமாகப் புத்தி பேதலித்திருந்த அம்மாவுக்கு ஞாபகம் வந்துவிடுகிறது. கோயில் மணி அறுந்து வில்லன் தலையில் விழுகிறது. மணி கட்டியவனுக்குத்தான் முதல் நன்றி போட வேண்டும். என் பக்கத்தில் இருந்த செல்வி, "இதுக்கு நம்ம கம்பெனில ஓவர்டைம் பாத்திருக்கலாம்" என்றாள்.

செல்வி யார் என்று கேட்பீர்கள். கும்மிடிப்பூண்டியில் ஒயரிங் கம்பெனியில் நான் சேர்ந்தது தெரியுமே, அங்கே என் பக்கத்து சீட்டு. விடியற்காலையில் வேன் வருகிறது. போகும்போது தூங்குகிறோம், வரும்போது கதை பேசுகிறோம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஊத்துக்கோட்டைக்கு பஸ் ஏறித் தமிழ்ப் படம் பார்க்கிறோம். ஆந்திர எல்லைக்கு இந்தப் பக்கம் நம் ஊரில் அதே படம் இரண்டு மாசம் கழித்துத் தெலுங்கு பேசிக்கொண்டு வருகிறது, அதுவரை யார் காத்துக்கொண்டிருப்பது?

தமிழில் செத்துப்போன ஹீரோ தெலுங்கில் எழுந்து உட்கார்ந்த படம் ஞாபகம் இருக்கிறதா? ஊத்துக்கோட்டையில் அழுதுவிட்டு வந்தோம். அதையே இங்கே மறுபடி பார்த்தபோது கட்டிலில் இருந்தவன் கண்ணைத் திறந்து சிரித்தான். ஹீரோ செத்தால் இந்தப் பக்கம் படம் ஓடாது என்று முடிவையே மாற்றிவிட்டார்கள். "ஊத்துக்கோட்டையில குடுத்த அழுகைய யார்ரா திருப்பித் தருவான்?" என்று நீங்கள் திருமலையிடம் சண்டைக்குப் போனீர்கள். அந்த நாட்களில் படம் மோசமாக இருந்தாலும் திரும்பி வரும் பஸ் நன்றாக இருந்தது. சண்டை போடப் பக்கத்தில் ஆள் இருந்தது.

வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொள்ளவும்.

நளினி

(மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். எல்லாம் படித்தேன். சினிமா தவிர நல்ல விஷயங்களும் எழுதலாம். - கோவர்த்தனன்)


குவைத்,
2.5.1997

அன்பு நளினிக்கு,

வெயில் ஏறிவிட்டது, நான் மட்டும் சாரத்திலிருந்து இறங்காமல் இருக்கிறேன். பெரிய கட்டிடங்களுக்கு ஏசி குழாய் பொருத்துகிறவனுக்கு அந்தக் குழாயிலிருந்து காற்று வருவதற்கு முந்தின நாள் வரைதான் வேலை. நீங்கள் எல்லோரும் சுகம் என்று படித்ததில் சந்தோஷம்.

கோயில் மணி க்ளைமாக்ஸை ரூமில் படித்துக் காட்டினேன். ரமணா கட்டிலிலிருந்து எழுந்து கைதட்டினான். அவனும் நம் நாகலாபுரத்துக்காரன்தான். உன் கடிதம் வருகிற வாரம் ரூமில் எனக்கு மரியாதை கூடுகிறது.

இந்த மாதம் பார்த்தது கடப்பாப் பக்கத்துச் சண்டைப் படம். தொடையைத் தட்டினால் நாலு ஜீப் பறக்கிறது. பெட்ரோல் விலை தெரிந்தவன் எடுத்த படமில்லை. அதில் தம்பிக்காகக் காதலியை விட்டுக்கொடுக்கிற அண்ணன் ஒருவன். தியாகம் செய்கிற ஆளைத் திரையில் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வேண்டும் என்றால் வேண்டும் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?

ஒரு நல்ல செய்தி. கம்பெனியில் விசாவை நீட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். கல்யாணம் முடிந்து இரண்டு மாசம் ஊரில் இருப்பேன், பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவேன். நீ இருட்டோடு எழுந்து வேனில் தூங்கிக்கொண்டு போகிற கஷ்டம் இனி வேண்டாம். நல்ல டிவியும் டெக்கும் வாங்கி வருகிறேன். காலை நீட்டி உட்கார்ந்து எல்லாப் படத்தையும் முடிவு வரைக்கும் பார். ஒயரைப் பிடுங்க ஒருத்தனும் வரமாட்டான்.

என்றும்,
தேவேந்திரன்


சத்தியவேடு,
15.6.1997

பாவாவுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். பாப்பாவுக்குத் திருப்பதியில் மொட்டை போட்டுக்கொண்டு வந்தோம். மொட்டைத் தலையோடு கண்ணாடியைப் பார்த்து, "யாரு இந்தப் பையன்?" என்று கேட்கிறாள்.

கீழே இறங்கி வந்ததும் திருப்பதியில் அக்காவை ஒரு படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். துபாயிலிருந்து ஹீரோ வருகிறான். ஏர்போர்ட்டில் ஒரு பாட்டு, ஊர் எல்லையில் ஒரு பாட்டு. பெண்டாட்டி விளக்கை ஏற்றிவைத்துக் காத்திருக்கிறாள். எத்தனை வருஷம் என்று சொல்லவில்லை, விளக்கு மட்டும் அணையவே இல்லை. எண்ணெய் யார் ஊற்றினார்கள் என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள். தலைவலி என்றாள். போன தடவை சுனில் மாமா வந்தபோது பாப்பா அவரைப் பார்த்துக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதை யோசித்தபடி நானும் பின்னாலேயே வந்துவிட்டேன். அதனால் அந்தப் படத்தின் முடிவு எனக்கும் தெரியாது.

ஆனால் ஒரு நல்ல படம் பார்த்தேன். ஊத்துக்கோட்டையில் ஐந்து நாள்கூட ஓடவில்லை. டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர், அவர் மனைவி தையல் வேலைக்குப் போகிறாள். அவ்வளவுதான் கதை. சண்டை இல்லை, பனிமலை இல்லை. சாயங்காலம் அவர் வேலை செய்யும் பஸ்ஸிலேயே அவள் ஏறுகிறாள். மற்றவர்கள் போலவே டிக்கெட் எடுக்கிறாள், அவர் சில்லறை தருகிறார், இருவரும் சிரித்துக்கொள்கிறார்கள். கொட்டகையில் பத்துப் பேர்தான் இருந்தோம். எனக்கு அழுகை வந்தது, ஏன் என்று தெரியவில்லை.

கம்பெனியில் என்னை லைன் லீடருக்கு எடுத்திருக்கிறார்கள். எங்கள் வேனிலிருந்து என் ஒருத்தியைத்தான். ஜனவரியில் பெங்களூரில் ஆறு மாசம் டிரெயினிங் கொடுத்து, திரும்பி வந்தால் ஒரு முழு லைன் என் கையில். கல்யாணமான பெண்களை எடுப்பதில்லை என்கிறார்கள். சும்மா எழுதினேன்.

நளினி

(மாப்பிள்ளைக்கு, பெங்களூர் விஷயம் அவள் விளையாட்டுக்கு எழுதியது. தை மாதத்தில் மாற்றம் இல்லை. - கோவர்த்தனன்)


குவைத்,
11.7.1997

அன்பு நளினிக்கு,

நான் நலமாக இருக்கிறேன் என்று எழுதுவதற்கே வேர்வை கடிதத்தில் சொட்டுகிறது. மாமாவுக்கு என் வணக்கம்.

கண்டக்டர் படம் இங்கே கிடைக்கவில்லை. கேசட் கடைக்காரர் கடப்பா மனிதர், "அதி எவரு சூஸ்தாரு தம்முடு?", அதை யார் பார்ப்பார்கள் தம்பி என்று சிரிக்கிறார். அவர் தந்தது பாம்பு படம். கம்ப்யூட்டரில் செய்த பாம்பு என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. ஹீரோயினை விடப் பாம்பு நன்றாக நடித்திருக்கிறது, கண்ணீர்கூட விடுகிறது.

லைன் லீடர் விஷயம் கேட்டுப் பெருமையாக இருந்தது. ரூமில் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்பே மாமன் மகளுக்கு லீடர் பதவி வந்துவிட்டது, பிறகு உன் கதி என்ன என்று ரமணா கேலி செய்கிறான்.

நான் இரண்டு கடிதத்திலும் கல்யாணத்தைப் பற்றி எழுதினேன். நீ ஒரு வரியும் எழுதவில்லை. மாமா படிக்கிறார் என்ற வெட்கமா? புடவை என்ன கலர் என்றாவது சொல். இங்கே ஒரு கடையில் மயில்கழுத்து நிறத்தில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஊத்துக்கோட்டை பஸ்ஸில் என் தோளில் தூங்கிக்கொண்டு வருவாயே, அந்த வயசில் நீ போட்டிருந்த பாவாடை அந்த நிறம்தான்.

பதில் போடு,
தேவேந்திரன்


குவைத்,
22.8.1997

நளினிக்கு,

சுகம்தானே? ஆறு வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. அம்மா இந்திராணி மட்டும் எழுதியிருந்தாள், பந்தல்காரனுக்குச் சொல்லிவிட்டதாக. நீ காய்ச்சலில் படுத்தாயோ என்று கேட்டு அவளுக்கு எழுதினேன், அதற்குப் பதிலில்லை.

இந்த மாதம் மூன்று படம் பார்த்தேன். மூன்றுக்கும் முடிவு தெரியாது. கேட்க மனசும் வரவில்லை. நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா?

மாமா, அவள் சோம்பலாக இருந்தால் நீங்களாவது இரண்டு வரி போடுங்கள்.

தேவேந்திரன்


சத்தியவேடு,
21.9.1997

பாவாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். எனக்குக் காய்ச்சல் இல்லை. கடிதம் போடாதது தப்புதான். எழுத உட்கார்ந்தேன், பல நாள் உட்கார்ந்தேன்.

புதுப் படம் ஒன்று பார்த்தேன். "மாமன் வீட்டு வழி." செல்வியோடு ஊத்துக்கோட்டையில் பார்த்தது. நம் வீட்டில் வேறு யாரும் பார்க்கவில்லை. தமிழ்ப் படம்தான், தெலுங்கில் சீக்கிரம் வருமாம். கதையை முழுதாக எழுதுகிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

ஹீரோ வெளிநாட்டில் வேலை செய்கிறான். நல்லவன். குடிப்பதில்லை, யாரையும் ஏமாற்றுவதில்லை. ஊரில் அவனுக்கு மாமன் மகள். பிறந்தபோதே பேசி வைத்தது. இரண்டு பேரும் சின்ன வயசில் ஒன்றாக விளையாடியவர்கள். இடைவேளை வரை சிரிப்புதான். காமெடி சகிக்கவில்லை. மாமன் வேஷக்காரர் மீசையை முறுக்கிக்கொண்டு வீட்டையே அதட்டுகிறார், ஆனால் பாசமானவர்.

இடைவேளைக்குப் பிறகு அந்தப் பெண் பேச்சைக் குறைத்துவிடுகிறாள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறார்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் அவள் அவனைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டுச் சொல்கிறாள்:

"உன் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. உன்னோட பேசினா நாள் போறதே தெரியல. ஆனா நான் உன்னப் புருஷனா நெனச்சதே இல்ல. நீ வருவ, போவ. நான் நாள எண்ணிக்கினு வாசல்ல நிப்பேன். எனக்கு அது வேணா. எனக்குன்னு ஒரு வேலை கீது, அதுல நான் கெட்டிக்காரி. இத எங்க நைனாகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. உன்கிட்டதான் சொல்ல முடியும்."

அவன் கோபப்படவில்லை. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். பிறகு அவளை பஸ் ஏற்றிவிட்டான். கல்யாணம் நடக்கவில்லை. அதோடு படம் முடிந்துவிட்டது.

படம் எனக்குப் பிடித்திருந்தது. நீங்கள் பார்த்தால் என்ன சொல்வீர்கள் என்று தெரியவில்லை. அதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

நளினி

(மாப்பிள்ளைக்கு, இந்தப் படத்தைப் பார்க்க வேண்டாம். பந்தல் போட்ட பிறகு கல்யாணத்தை நிறுத்துகிறவனெல்லாம் ஒரு டைரக்டரா? காலம் கெட்டுவிட்டது. - கோவர்த்தனன்)


குவைத்,
7.11.1997

மதிப்புக்குரிய கோவர்த்தனன் மாமாவுக்கு,

தேவேந்திரன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நான் சுகம். தங்கள் அனைவரின் சுகத்தையும் வேண்டுகிறேன். வழக்கம்போல இதையும் எல்லோருக்கும் கேட்கப் படியுங்கள். அம்மாவையும் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வேண்டாம் என்று எழுதியும் "மாமன் வீட்டு வழி" படத்தைக் கேசட்டில் பார்த்துவிட்டேன். நளினி எழுதியபடியேதான் இருக்கிறது. முடிவும் அவள் சொன்னதுதான், ஒரு வார்த்தை மாறவில்லை. அந்த ஹீரோ செய்தது சரி என்று எனக்குத் தோன்றியது.

மாமா, தை மாதக் கல்யாணம் வேண்டாம். இது என் முடிவு. நான் இங்கே இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கல்யாணம் செய்துகொள்ள எனக்கு மனசு இல்லை. நளினியிடம் எந்தக் குறையும் இல்லை, அவளுக்கு இதில் சம்பந்தமும் இல்லை. கோபம் என் மேல் மட்டும் இருக்கட்டும். அவளைப் பெங்களூருக்கு அனுப்பி வைத்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

அம்மா, என்னை மன்னித்துவிடு.

தங்கள் மருமகன்,
தேவேந்திரன்


குவைத்,
7.11.1997

நளினி,

இதை ரமணாவிடம் கொடுத்தனுப்புகிறேன். லீவில் வருகிறான். உன் கம்பெனி வேன் நிற்கிற இடத்தில் உன் கையில் தரச் சொல்லியிருக்கிறேன். முதல் முறையாக உனக்கு மட்டும் எழுதுகிறேன், எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. சாப்பிட்டாயா?

உன் கடிதம் வந்ததும் முதலில் நான் கதையாகத்தான் படித்தேன். ரூமில் எல்லோருக்கும் சொன்னேன். "நல்ல துணிச்சலான படம்பா" என்று புகழ்ந்தேன். போன மாதம் கடப்பாக்காரர் கடைக்கு அந்தப் படம் தெலுங்குக் கேசட்டாக வந்தது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியாமல், "அண்ணா, கடைசி கால் மணி நேரம் மட்டும் போட்டுக் காட்டுங்கள்" என்று கேட்டு, கடையிலேயே நின்றுகொண்டு பார்த்தேன். கிணறு இல்லை, பஸ் இல்லை. மேளம் கொட்டுகிறது, அவன் தாலி கட்டுகிறான், மாமன் அட்சதை போடுகிறார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நம் பழைய கதைதான், தெலுங்குக்கு முடிவை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். தமிழ் மூலம்தான் வேண்டும் என்று சொல்லிவைத்து இரண்டு வாரம் காத்திருந்தேன். அது வந்தது. மறுபடியும் நின்றேன். அதே மேளம், அதே தாலி. கடைக்காரர், "ஏமைந்தி தம்முடு, முகம் ஒரு மாதிரி உந்தி?" என்று கேட்டார். ஒன்றுமில்லை, படம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். வெயிலில் எவ்வளவு தூரம் நடந்தேன் என்று தெரியவில்லை.

வலிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். எனக்கு நீ வேண்டும் என்றுதான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் நீ அந்த வார்த்தையைச் சொல்ல ஒரு சினிமாவையே திருத்தி எழுத வேண்டியிருந்தது என்றால், உன்னைச் சுற்றி நாங்கள் எல்லோரும் எப்படி நின்றுகொண்டிருக்கிறோம்? டிவியும் டெக்கும் வாங்கித் தருகிறேன் என்று எழுதினேனே, அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நீ கேட்டது அதில்லை.

மாமாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அதில் இருப்பது என் வசனம். நீ ஒன்றும் பேசாதே. நான் தூரத்தில் இருக்கிறேன், திட்டு அவ்வளவாகக் கேட்காது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த டைரக்டரை விட நீ நன்றாக முடித்திருக்கிறாய்.

தேவா


சத்தியவேடு,
21.12.1997

பாவா,

நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன். ராத்திரியில் தூங்குகிறாயா? இந்தக் கடிதத்தை நைனா படிக்கவில்லை. அடியில் தான் எழுதக் கொஞ்சம் இடம் மட்டும் விடச் சொன்னார்.

உன் கடிதத்தை நைனா வாசலில் படித்தார். "கல்யாணம் வேண்டாம்" என்ற வரியைத் திரும்பவும் ஒரு தடவை படித்தார். அத்தை புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கேட்க வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? "குவைத்து காசு பாத்ததும் கொழுப்பு ஏறிப்போச்சு", "அங்க எவளையோ சேத்துக்கினு கீறான்" என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நைனா, "இனிமே அவன் என் வாசல்ல காலு வெக்கக் கூடாது" என்றார்.

ரமணா கொடுத்த உன் கடிதம் அப்போது என் பையில் இருந்தது. நீ பேசாதே என்று எழுதியிருந்தாய். தியாகம் செய்கிறவனைக் கண்டால் உனக்குப் பற்றிக்கொண்டு வருமே பாவா, எனக்கும் அப்படித்தான். எழுந்து நின்று சொன்னேன்:

"நைனா, தேவா பாவா சொல்றது பொய். அந்தப் படத்துல கல்யாணம் நடக்குது. நிறுத்தினது நான்தான். பாவாவுக்கு அது புரிஞ்சிபோச்சு. என்னக் காப்பாத்தத்தான் இப்டி எழுதிகீறாரு. எனக்குத்தான் இந்தக் கல்யாணம் வேணா."

சொல்லிவிட்டேன். அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. நைனா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார். அதன் பிறகு என்னோடு பேசவே இல்லை. சோறு போட்டால் சாப்பிடுவார், எழுந்துவிடுவார். யசோதா அக்கா மட்டும் அன்று என் தலையைத் தடவி, "என்னால முடியல, நீயாவது சொன்னியே" என்றாள்.

போன வாரம் நைனா திடீரென்று திருப்பதிக்குப் போய் வருகிறேன் என்று பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நடந்ததை அவரே எழுதுவார்.

உன்னை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை என்று எழுதினால், அது சினிமா வசனமாகப் போய்விடும். கட்டிக்கொள்ள வேண்டாம் என்றுதான் சொன்னேன். உனக்கு வலிக்கும் என்று தெரிந்தே சொன்னேன். நீ கோபத்தில் இருந்தால் எழுத வேண்டாம். கோபம் போன பிறகு ஏதாவது ஒரு மோசமான படம் பார்த்தால் எழுது.

நளினி


மருமகன் தேவேந்திரனுக்கு கோவர்த்தனன் ஆசீர்வாதம். முழங்கால் மலை ஏறி இறங்கியதில் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். உன் அம்மாவிடம் எல்லாம் நானே விளக்கிச் சொல்லிவிட்டேன். உன் மேல் அவளுக்கு வருத்தம் இல்லை. பந்தல்காரனுக்கும் சொல்லிவிட்டேன்.

பெருமாளைச் சேவித்துவிட்டு இறங்கினால், பஸ் ஸ்டாண்டு எதிரில் அந்தப் படத்தின் போஸ்டர். தெலுங்கில்தான் ஓடுகிறது. நான் சினிமாவுக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. என் வீட்டையே கலைத்த படம் அப்படி என்னதான் என்று உள்ளே போய் உட்கார்ந்தேன்.

முதல் பாதி நன்றாக இருக்கிறது. நளினி சொன்னதுபோலக் காமெடி சகிக்கவில்லை. மாமன் வேஷக்காரன் ரொம்பக் கத்துகிறான், அவ்வளவு கத்த வேண்டியதில்லை. கடைசியில் கல்யாணம் நடக்கிறது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு கண்ணீர் விட்டபடியே தாலி கட்டிக்கொள்கிறாள். கொட்டகையே கைதட்டுகிறது. பக்கத்திலிருந்தவனிடம், "ஆ அம்மாயி எந்துக்கு ஏடுஸ்துந்தி? எவரூ அடகலேதே?" என்று கேட்டேன். அந்தப் பெண் ஏன் அழுகிறாள், ஒருத்தரும் கேட்கவில்லையே என்றேன். "பெத்தாயனா, பெள்ளன்டே ஏடவரா? சினிமா சூடு" என்றான். கல்யாணம் என்றால் பெண் அழமாட்டாளா, படத்தைப் பார் என்கிறான்.

எனக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்தேன். விடிந்ததும் நளினியைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்து, "உனக்கு இன்னாதாமே வேணும்?" என்று கேட்டேன். கம்பெனி, மெஷின், லைன், பெங்களூர், அவள் அக்கா, நீ என்று பேசிக்கொண்டே இருந்தாள். வேன் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது, அப்போதும் பேசினாள். இந்தப் பெண் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். இவளுக்கு இவ்வளவு பேச வரும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இப்படிக்கு,
கோவர்த்தனன்